நாலு கலன் சுத்தம்

சுத்தம் சோறு போடும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் நான் வேலை செய்யும் தொழிற்சாலையைப் பார்த்திருக்க நியாயமில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறக்க முன் கொஞ்சம் யோசித்திருப்பார். ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், நெடுஞ்சாலைக்கும் பற்றைக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது அது. பேக்கரிகளில் விற்காமல் திரும்பிவரும் பாணும், சிப்ஸ் பொரிக்கும் இடங்களில் மிஞ்சும் உருளைக்கிழங்குத் தோலும் லொறி லொறியாக வந்து இறங்கும். அவற்றைக் கரைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி எதனோல் எடுக்கிறோம். எடுத்தபின் மிஞ்சுவது கஞ்சி மாதிரிப் பழுப்பு நிறத்தில் ஒரு கழிவுநீர். எதனோல் ஒரு வாளி என்றால் இது பல வாளி. அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கும், முதலாளி மறியலில் கம்பி எண்ணுவார்.

ஆகவே அது காற்று துளியும் புகாத பெரிய தொட்டி ஒன்றுக்குள் போகிறது. உள்ளே, குறுமிளகு அளவில் கறுத்த உருண்டைகளாகத் திரண்டு, எண்ண முடியாத அளவு நுண்ணுயிர்கள் கிடக்கின்றன. அவை கழிவைத் தின்று எரிவாயுவை விடும். அந்த வாயுவில்தான் எங்கள் கொதிகலன் எரிகிறது. தெளிந்து வெளியே வரும் தண்ணீரை இன்னும் இரண்டு படி வடிகட்டினால் மறுபடி பாண் கரைக்க எடுக்கலாம். அந்த உருண்டைகளைப் பச்சைக் குழந்தையைப் போல் பார்க்கவேண்டும் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல, மாமியாரைப் போல் பார்க்கவேண்டும். தீனி கூடினாலும் குறை, குறைந்தாலும் குறை, சூடு கொஞ்சம் இறங்கினால் முகம் கோணும், ஒருமுறை கோபித்துக்கொண்டால் சரிவர மாதக்கணக்காகும். அந்த மாமியாருக்குப் பணிவிடை செய்வதுதான் பதினாறு வருடமாக என் வேலை. அதற்கு முன் வடக்கில் மீன் வெட்டினேன், பிறகு ஒஸ்லோவில் அலுவலகங்கள் கூட்டினேன். நாற்பது வயதில் இரவுப் பள்ளிக்குப் போய்த் தொழிற்சான்றிதழ் எடுத்து இங்கே வந்தேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் உள்ள தமிழ்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த நான் எடுத்த முயற்சி எல்லாம் வீண். எதனோல் என்றால் சாராயம் என்பது அவர்கள் முடிவு. சாராயக் கம்பனியில் வேலை, ஞாயிறு பூசையில் முன் வாங்கில் இடம் என்று ஒருத்தி சொன்னதாக என் காதுக்கு வந்தது. எங்கள் எதனோலைக் குடிப்பது கார்க் கண்ணாடிதான், குளிர்காலத்தில் கண்ணாடியில் பீச்சுகிறீர்களே, அந்த நீலத் தண்ணீருக்குள் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. சரி, நான் எதனோல் பக்கமே போவதில்லை, கழிவுநீர்ப் பக்கம்தான் என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. சாராயத்துக்காவது ஊரில் ஒரு மதிப்பு உண்டு. கடைசியில் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் கேட்டால், "தண்ணி சுத்திகரிக்கிற இடத்திலை எஞ்சினியர் மாதிரி" என்பார். அந்த 'மாதிரி'யை மட்டும் தொண்டைக்குள் வைத்துக்கொள்வார்.

உண்மையான எஞ்சினியர் வந்து சேர்ந்தது மூன்று வருடத்துக்கு முன். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், முப்பது தாண்டியிருக்கும். சர்க்கரை ஆலையோடு சேர்ந்த வடிசாலை ஒன்றில் கழிவுநீர்ப் பகுதியைப் பார்த்தவள். நாங்கள் தெளிந்த தண்ணீரில் பெரும்பகுதியை நகரத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுப் பாண் கரைக்கக் குழாயில் புதுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தி, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பாவிக்க வழிசெய்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒப்பந்தம் ஒரு வருடம். திட்டம் சரிவந்தால் நிரந்தரம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தலையாட்டினோம். அவள் தமிழுக்குள் ஆங்கிலம், என் தமிழுக்குள் நோர்வேஜிய மொழி. அவள் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவாள், தண்ணீர் இறைக்கும் பம்பியைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவாள் போல. எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு நான் 'ஓம்' என்னும்போதெல்லாம் வரும். ஆனால் வேலையில் அவள் கெட்டிக்காரி, அதைச் சொல்லத்தான் வேண்டும். தொட்டியின் பக்கத்துக் குழாயில் மாதிரி எடுத்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து, இன்று தீனியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பாள். இரண்டு மணித்தியாலம் கழித்து ஆய்வுகூட இயந்திரம் அதையே சொல்லும். எங்கள் நோர்வேஜியர்கள் இயந்திரத்தைப் பாராட்டுவார்கள்.

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். கணவரோடு ஈரோட்டில் இருந்தாள். மதிய இடைவேளையில் இவள் போனைப் பால் பெட்டியில் சாத்திவைத்துச் சாப்பிடுவாள். அங்கே பிள்ளைக்கு அப்போது சாயந்தரம். பிள்ளை தன் பிஸ்கட்டைத் திரைக்குள் நீட்டும், இவள் வாயைத் திறந்து கடிப்பதுபோல் செய்வாள். நான் என் பாணைச் சவைத்துக்கொண்டு எதிரில் இருப்பேன். நிரந்தரக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கணவருக்கும் பிள்ளைக்கும் விசா விண்ணப்பம் போடுவது, கிறிஸ்மஸுக்கு முன் கூப்பிடுவது, நாங்கள் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டிலேயே வீடு பார்ப்பது, பிள்ளையைச் சேர்க்கப் பாலர் பாடசாலை, எல்லாம் அவள் யோசித்து வைத்திருந்தாள். பாலர் பாடசாலையின் வேலியைப் படம் எடுத்துவரச்சொல்லி என்னைத்தான் அனுப்பினாள்.

இதற்குள் எங்கள் வேலையிடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். யார் என்ன பிழை விட்டாலும், வாளி கவிழ்ந்தாலும், கதவு பூட்ட மறந்தாலும், போனில் உள்ள ஒரு படிவத்தில் எழுதி அனுப்பவேண்டும். அவ்விக் என்று பெயர். எழுதியவரை யாரும் ஏசமாட்டார்கள். மாறாக, நிறைய எழுதியவர் பெயரை அறிவித்தல் பலகையில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் ஒட்டுவார்கள். அதுவரையான பதினாலு வருடத்தில் நான் எழுதியது ஒன்றுமில்லை. என் பொறுப்பாளர், நல்ல மனிதர், வருடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டுப் பேசும்போதெல்லாம் முகத்தில் கவலையோடு இதைக் கேட்பார். நான் பிழை விடவில்லை என்பேன். அவர் பெருமூச்சு விடுவார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்த சனத்திடம் வந்து, வாயைத் திற திற என்றால் திறப்போமா? இது எல்லாம் பிறகு பிடரியில் போட வைத்திருக்கும் கயிறு என்று நினைத்தேன். என் பெயரில் ஒரு பிழையும் இல்லாததை வீட்டிலும் சொல்லிக்கொள்வேன், கோயிலிலும் சொல்லிக்கொள்வேன்.

அந்த செப்டெம்பரில் தொழிற்சாலையில் திறந்த நாள் வைத்தார்கள். சனிக்கிழமை, வேலைசெய்கிறவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிவந்து காட்டலாம். இது எப்படியோ எங்கள் மாதா சபைக்குத் தெரியவந்து, சபைப் பெண்கள் ஒரு வான் வண்டியில் வருவதாக அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. எனக்கு ஒரே ஒரு பயம், மணம். தொட்டிக்குள் இருப்பது வெளியே வராது. ஆனால் கழிவு வந்து சேரும் முன்தொட்டியிலும் அது ஓடிவரும் தரைக் கானிலும் கூழ் முட்டை மணம் ஊறிக் கிடந்தது. அந்தப் பெண்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்ப்பது எனக்கு வியாழக்கிழமையே கண்ணுக்குள் தெரிந்தது.

திறந்த நாளுக்காக வியாழன் மதியமே பாண் கரைப்பதை நிறுத்திவிட்டார்கள். வெள்ளி பின்னேரம் கழிவுநீர்ப் பக்கத்தில் நான் தனியே. ஈரோட்டுக்காரி நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். முன்தொட்டி பல மாதத்துக்குப் பிறகு வெறுமையாகக் கிடந்தது. இது தருணம் என்று நினைத்தேன். புளிக்கவைக்கும் பகுதியில் அவர்கள் பாவிக்கும் கிருமிகொல்லி, நுரைத்து எழும்பும் மருந்து, கலன் கலனாக அடுக்கியிருந்தது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று அதில் நோர்வேஜிய மொழியில் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த மொழி நன்றாக வாசிக்க வரும். ஆனால் கறிக்கு உப்புப் போடுகிற கைக்கு மூடி எதற்கு? முதல் கலனைக் கானில் ஊற்றித் தேய்த்தேன். மணம் கொஞ்சம் நின்றது. இரண்டாவதை முன்தொட்டிச் சுவரில் அடித்தேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்களுக்கு மூளை கைக்கு இறங்கிவிடும், கூரையைக்கூடக் கழுவுவோம். நாலு கலன் முடிந்தது. பிறகு குழாயைத் திறந்து எல்லாவற்றையும் அலசிவிட்டேன்.

அலசிய தண்ணீர் எங்கே போகும்? கானிலிருந்து முன்தொட்டிக்கு. முன்தொட்டி ஓர் அளவுக்கு மேல் ஏறினால் பம்பி தானாக வேலைசெய்து எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்குள் தள்ளும். கழுவும்போது வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த வால்வைக் கையால் தொட்டுக் காட்டுகிறவள் நான்தான். அன்று பம்பி ஓடத் தொடங்கிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் அப்போது யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

திறந்த நாள் அருமையாகப் போனது. வாசலில் வாஃபல் சுட்டார்கள், நான் இருநூறு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். மாதா சபைப் பெண்கள் படியேறி, கம்பியைப் பிடித்து, தொட்டிகளைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி மாதிரியெல்லோ கிடக்கு என்றார் சபைத் தலைவி. கழிவுத் தண்ணீர் என்று சொன்னாயே, ஒரு மணமும் இல்லையே என்று இன்னொருத்தி ஆச்சரியப்பட்டாள். நான் அடக்கமாக நின்றேன். ஈரோட்டுக்காரி கண்ணாடிக் குவளையில் சுத்திகரித்த தண்ணீரை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டி, இரண்டு கிழமையாக இதில்தான் பாண் கரைக்கிறோம் என்று விளக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நடுவில் ஒருமுறை மட்டும் மூக்கைச் சுளித்து, தரைக் கானைப் பார்த்தாள்.

திங்கள் காலை திரையில் வாயு அளவைக் காட்டும் கோடு விழுந்துகிடந்தது. மதியத்துக்குள் கொதிகலன் வெளி எரிவாயுவுக்கு மாறியது. மாதிரிக் குழாயைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் மணம், அதோடு புளிப்பு. அமிலம் செய்கிற கிருமிகள் தப்பிவிட்டன, அமிலத்தைத் தின்று வாயு விடுகிறவை செத்துக்கொண்டிருந்தன. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொன்னேனே தவிர, பக்கத்தில் நின்றவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் தீனியை நிறுத்தினாள், சோடா கரைத்து ஊற்றினாள், மாதிரி எடுத்தாள். நான் அவளுக்கு வாளி தூக்கிக்கொடுத்தேன்.

பின்னேரம் பொறுப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டார். இந்த நாட்டில் யாரும் யாரையும் ஏசுவதில்லை, நாட்காட்டியில் ஒரு கூட்டம் போடுவார்கள். இதில் யாருடைய பிழையும் இல்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் ஒருவரைத் தீர்மானித்தாயிற்று என்று அர்த்தம். புதிதாக மாறியது ஒன்றுதானே, சுத்திகரித்த தண்ணீரைத் திருப்பி எடுப்பது. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில் உப்புச் சேர்ந்திருக்கலாம், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்னவோ என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் உப்பு அளவுகளைத் திரையில் போட்டுக் காட்டினாள், எல்லாம் எல்லைக்குள் இருந்தன. நல்ல வேலை என்று அவளைப் பாராட்டிவிட்டு, புதன்கிழமை நிர்வாகக் குழு திட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நான் அந்த அறையில்தான் இருந்தேன், அவளுக்கு இரண்டு கதிரை தள்ளி.

ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் என்னை நானே கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. வேலை போகும் என்ற பயம் இல்லை, இங்கே அப்படிப் போகாது. என் பெயருக்கு முன்னால் இருந்த அந்த வெறும் பூச்சியம் போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மாதிரி என்று சனிக்கிழமை சொன்ன வாய்கள் திங்கட்கிழமை என்ன சொல்லும் என்ற பயம். ஒரு பிள்ளையின் அம்மாவை அதற்காகப் பலிகொடுக்கிறாய் என்று அன்று யாரும் என்னிடம் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். எனக்கு என்ன மரியாதை!

செவ்வாய் பின்னேரம் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். தமிழ்ச் சுவாமியிடம் போகவில்லை, என் குரலை அடையாளம் பிடித்துவிடுவார். போலந்துச் சுவாமி ஒருவர் இருந்தார், அவரிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மருந்து ஊற்றிக் கழுவினேன், அதனால் சின்ன உயிர்கள் நிறையச் செத்துவிட்டன என்றேன். எலிகளா என்று கேட்டார். இல்லை, கண்ணுக்குத் தெரியாதவை என்றேன். அவர், தொழிற்சாலையைக் கழுவுவது பாவம் இல்லை, வீணாக மனதை வருத்தாதே என்று சொல்லி மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லத் தந்தார். அவளைப் பற்றி நான் சொல்லவேயில்லை. சொல்லாமல் விட்டதோடு மூன்று மரியேயையும் சொல்லி முடித்து, மனம் இலேசாகி வெளியே வந்தேன். வரும் வழியில் குறொன்லாண்டில் இறங்கி மரக்கறிகூட வாங்கினேன். அப்படியொரு மானங்கெட்ட இலேசு.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் கூட்டத்திலிருந்து வந்தாள். தன் குவளையை எடுத்துக் கழுவினாள், பிறகு துடைத்தாள், பிறகு மறுபடி கழுவினாள். என்ன முடிவு என்று நான் கேட்டேன்.

"புராஜெக்ட்ட இப்போதைக்கு நிறுத்திட்டாங்களாம்க்கா. கான்ட்ராக்ட் நீட்டிக்கலீங்க," என்றாள். பிறகு, பத்து மணி மாதிரியை எடுத்தீர்களா என்று என்னிடம் கேட்டாள். அன்று மதியம் போனை அவள் பால் பெட்டியில் சாத்தவில்லை. போன் இரண்டு முறை அதிர்ந்தது, அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அந்த அதிர்வு எனக்கு மேசைக்குள்ளால் வந்து முழங்கையில் ஏறியது. என் பாணைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

வியாழன் வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்து அவ்விக் எழுதினேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ இப்ப எழுதினா மட்டும் அந்தப் பிள்ளைக்கு வேலை திரும்பி வருமே? பேசாமல் இரு," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பதினாலு வருடம் என் பெருமையில் அவருக்கும் பங்கு இருந்தது. படிவத்தில் மூன்றே கேள்வி. என்ன நடந்தது என்பதற்கு நாலு கலனையும் வால்வையும் எழுதினேன். ஏன் நடந்தது என்பதற்கு எவ்வளவோ யோசித்தும் வேறொன்றும் வரவில்லை, விருந்தாளிகள் வர இருந்தார்கள் என்று எழுதினேன். இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் அது போக மறுத்தது. ஒரு புள்ளி போட்டு அனுப்பினேன்.

வெள்ளி காலை பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது என்று சத்தியம் பண்ணுவேன். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு பயனுள்ள அறிக்கை, இதைத்தான் இத்தனை வருடமாக எதிர்பார்த்தேன் என்றார். அவளுக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் கையை விட்டார். செவ்வாய்க்கிழமை தெரிந்திருந்தால் வேறுமாதிரி இருந்திருக்கும் என்றார். இப்போது குழு முடிவெடுத்து எழுத்திலும் வந்துவிட்டது, அந்தப் பணமும் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, உண்மையில் மிகவும் கவலையாக இருக்கிறது என்றார். கவலையாகத்தான் இருந்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக நான் அவர் முன்னால் நின்றேன். மத்தியானம் கேக் வெட்டினார்கள். என் படம் அறிவித்தல் பலகையில் ஏறியது, பக்கத்தில் சிரிக்கிற முகம்.

உடை மாற்றும் அறையில் அவளைத் தனியே பிடித்தேன். இது நான் செய்த வேலை என்று சொல்லத் தொடங்கினேன். அழுகை வந்து பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அவள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள், அவசரப்படவில்லை.

"திங்கக்கெழமையே தெரியுமுங்க்கா," என்றாள். "குப்பையில நாலு காலிக் கேன் இருந்துச்சு. எங்க ஆலையிலயும் இப்படி ஒரு தடவ நடந்திருக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்ன கேள்வி, அதுவும் நான் கேட்கிற கேள்வி.

"நீங்க சொன்னா அது ரிப்போர்ட்டுங்க்கா. நான் சொன்னா அது சாக்கு." கயிறு முடிச்சு விழுந்திருந்தது, அதை நகத்தால் கிள்ளினாள். "புதன்கெழம வரைக்கும் நீங்க சொல்லிருவீங்கன்னுதான் இருந்தேன்."

ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஐந்து வாரமும் அவள் வேலைக்கு வந்தாள். செத்த தொட்டியைத் திரும்ப எழுப்பியது அவள்தான். ஒரு லோடு மாட்டுச் சாணம் போட்டால் போதும், எங்கள் ஊரில் அப்படித்தான் என்றாள். சாணத்துக்கு ஆபத்து மதிப்பீடு, கால்நடை அனுமதி, போக்குவரத்து அனுமதி எல்லாம் எடுக்க வசந்தகாலம் வந்துவிடும் என்று தெரிந்ததும், கடதாசி ஆலை ஒன்றிலிருந்து நல்ல உருண்டைகளைத் தாங்கி லொறியில் வரவழைத்தாள். ஒவ்வொரு நாளும் கரண்டிக் கணக்கில் தீனி கூட்டினாள். நான் பக்கத்தில் நின்று சொன்னதைச் செய்தேன். வாயுக்கோடு பழைய இடத்துக்கு ஏறியது அவளுடைய கடைசி வாரத்தில். அதற்கும் கேக் வெட்டினார்கள்.

இப்போது எங்கள் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. அடுத்த வருடம் திட்டத்தை மறுபடி தொடங்கி, ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தந்த அறிக்கையில் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்களுடைய சின்னம் இருக்கிறது, உள்ளே இருப்பது அவளுடைய அளவுகள். பாதுகாப்பு நாளில் நான் ஒவ்வொரு வருடமும் மேடையேறி, பிழையை ஒப்புக்கொள்வது எப்படி என்று பேசுகிறேன். நன்றாகத்தான் பேசுகிறேனாம். மாதா சபையிலும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவளுக்குப் பேர்கன் நகரத்தில் வேலை கிடைத்தது, ஆனால் சும்மா கிடைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க விண்ணப்பம் போட்டாள், விசாவுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ப் பகுதி அவளைப் பார்க்கக் கூப்பிட்டது. பழைய வேலையிடத்துச் சாட்சியாக அவள் கொடுத்திருந்தது என் போன் இலக்கத்தை. அங்கே பொறுப்பான பெண்மணி ஒருவர் எனக்குப் போன் எடுத்து, அவள் பிழைகளை ஒளிக்காமல் சொல்லக்கூடியவளா என்று கேட்டார். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள், அது என்னுடைய பிழை என்றேன். முழுவதையும் சொல்ல இருபது நிமிடம் எடுத்தது. மறுபக்கத்தில் எழுதும் சத்தம் கேட்டது.

போன ஒக்டோபரில், பேர்கனில் என் சித்தியின் மகன் வீட்டுக்குப் போனபோது, அவள் வீட்டுக்கும் போனேன். கிறிஸ்மஸுக்கு முன் வரவேண்டிய பிள்ளை அடுத்த ஓகஸ்டில்தான் வந்திருந்தாள். ஐந்து வயது முடிந்திருந்தது, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கணவர் நோர்வேஜிய மொழி வகுப்புக்குப் போயிருந்தார். அவள் தோசை சுட்டாள். பிள்ளை அவளுடைய துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நான் கொண்டுபோன சொக்கலேட்டை வாங்க மற்றக் கையை மட்டும் நீட்டினாள், துப்பட்டாவை விடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம், தொட்டிகளைப் பற்றிக் கதைத்தோம், அவளுடைய தொட்டியில் மீன் கொழுப்பு அதிகம், அது தனித் தலையிடி என்றாள். சிரித்தோம்கூட.

பிறகு அவள் குளியலறைக்குப் போனாள். பிள்ளையும் எழும்பிப் பின்னால் போனாள். கதவு சாத்தியதும் அதன் முன்னால் தரையில் சப்பாணி கட்டி இருந்து, கதவுக்கு அடியில் உள்ள இடைவெளிக்குள் நாலு விரலையும் நுழைத்தாள். உள்ளேயிருந்து, இருக்கேன் கண்ணு, இருக்கேன் என்று அவள் குரல் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. பிள்ளை விரலை எடுக்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தத்தில் குரல் ஒருமுறை நின்றபோது பிள்ளை கன்னத்தைத் தரையில் வைத்து இடைவெளிக்குள் பார்த்தாள்.

அவள் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்த வயதுக்குப் பாரமான பிள்ளை.

"வந்ததுல இருந்து இப்படித்தாங்க்கா," என்றாள் என்னைப் பார்த்து. "ராத்திரியும் கையப் புடிச்சுட்டுத்தான் தூங்கறா. சரியாயிரும்."

மேடையில் எனக்குப் பேச்சுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அங்கே நான் தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பிள்ளை தாயின் தோளில் முகத்தை வைத்து, நான் எப்போது எழும்பிப் போவேன் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.